மூடிய சிப்பியும் பழைய மோட்டார் காரும்



சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துச் சலாபம் நடைபெற்ற காலத்தில் ஒரு விசித்திரமான வியாபாரம் அங்கே நிகழ்ந்து வந்தது. சுழியோடிகள் கடலடியிலிருந்து அள்ளிவந்த சிப்பிகளை ஒன்றையேனும் திறவாமல் கொட்டில் குவித்து வைத்து, ஆயிரம் சிப்பி இன்ன விலையென மாலைவேளையில் ஏலம் கூறுவார்கள். உள்ளே முத்து உண்டோ, வெறுஞ் சதைதான் உண்டோ, ஏலம் எடுப்பவனுக்குத் தெரியாது. சிலர் செல்வரானார்கள், பலர் நாற்றமெடுத்த சிப்பி ஓட்டை மட்டும் கண்டார்கள். இதனைக் கேட்பவர் இது சுத்தச் சூதாட்டம் அன்றோ என்பர். முற்றிலும் அப்படியன்று. சலாபம் நடத்துவதென்று முடிவு செய்வதற்கு முன்பே பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்களைச் சல்லடையிலிட்டுத் தரம் பிரித்து மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டை அறிந்துகொண்டே அனுபவமுள்ள வணிகன் ஏலத்தில் வாய் திறந்தான்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் முத்தன்று; மோட்டார் கார். அதிலும், ஏக முகவர் வழியாக வராமல், ஜப்பானிய ஏலச் சந்தையில் தனியார் வாங்கி இறக்கி, இங்கே இரண்டு மூன்று கை மாறிய பழைய விளையாட்டுக் கார். மூடிய சிப்பிக்கு இதனை விடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

இப்பேச்சுக்குக் காரணமானவன் என் மருமகன். பேசாலையில் பிறந்தவன், கட்டாரில் ஒன்பது ஆண்டுகள் வெயிலில் உழைத்துத் திரும்பியவன். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து, கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். சிவப்பு நிறம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உருவம், பின்கதவுகள் பின்னோக்கித் திறக்கும் அமைப்பு. மஸ்டா ஆர்.எக்ஸ்.-8. “மாமா, வடக்கிலே இப்படி ஒரு கார் இந்த விலைக்குக் கிடைக்காது. நாளைக்கு முற்பணம் கொடுக்கப் போகிறேன்” என்றான். அவன் கொண்டுவந்த சேமிப்பில் அரைவாசிக்கு மேல் அதற்குப் போகும் என்பது விலையைக் கேட்டவுடன் எனக்கு விளங்கிற்று. மோட்டார் இயந்திரங்களோடு நாற்பது ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில், முற்பணத்தை ஒருநாள் தள்ளிவைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

விலைகள் இவ்வாறு ஏறியதற்கு ஒரு வரலாறு உண்டு. 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் புதிய வண்டிகள் பெரும்பாலும் வராதபடியால், உள்ளே இருந்த வண்டிகளெல்லாம் வயது ஏற ஏற விலையும் ஏறின. மனிதருக்கும் அப்படி ஒரு காலம் வந்தால் நன்றாயிருக்கும். ஒரு மூலையில் துருவேறிக் கிடந்தவை சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வந்தன. வழி திறந்த பின்னரும் வரி மிகுதியாக இருப்பதனால், பழைய வண்டிக்கு மதிப்புக் குறைந்தபாடில்லை.

ஏக முகவர் அல்லாதோர் இறக்கிய வண்டியென்றால் அது கள்ள வண்டி என்று கருதலாகாது. நம் வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்களுள் மிகப் பல இவ்வாறு ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரோடு சட்டப்படி வந்தவையே. வேறுபாடு இதுதான்: முகவர் விற்ற வண்டிக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்கும், பராமரிப்பு ஏடு இருக்கும், குறை கண்டால் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கும். மற்றதற்குப் பின்னால் எவரும் நிற்பதில்லை. ஆகவே வாங்குகிறவன் தானே சாட்சிகளைத் தேடிச் சேர்க்கவேண்டியவனாகிறான்.

மறுநாட் காலை நாங்கள் இருவரும் புறப்பட்டோம். விற்பவர் இருந்தது வட மாகாணத்தின் வேறொரு நகரம். அவர் பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை. என் பையில் ஒரு கைவிளக்கும், சேலைத் துணியிற் சுற்றிய சிறு காந்தமும், பழைய பாயொன்றும் இருந்தன.

முதலில் பத்திரங்களைக் கேட்டேன். மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் கண் காரின்மேல் இருந்தது. ஆனால் பத்திரம் பிழையானால் காரைப் பார்ப்பதே வீண் வேலை. பதிவுச் சான்றிதழில் உள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடவேண்டும். ஜப்பானில் விற்பதற்கென்று செய்த கார்களில் 17 எழுத்துக்கள் கொண்ட உலக இலக்கம் பொதுவாக இராது. மாதிரிக் குறியும் அதன்பின் வரிசை எண்ணுமே இருக்கும். ஆர்.எக்ஸ்.-8 ஆயின் அக்குறி எஸ்.ஈ.3.பி. என்று தொடங்கும். அந்த இலக்கம் பொறித்த தகட்டைக் கண்ணால் மட்டும் பாராமல் விரலாலும் தடவிப் பார்க்கவேண்டும். அராவிய தடம், சுற்றிலும் ஒட்டுவேலை, அந்தவொரு சதுரத்தில் மாத்திரம் புதிய சாயம் என்பவற்றுள் ஒன்று தென்பட்டாலும் திரும்பி நடந்துவிடுதல் நன்று. வண்டியைப் பாதிப்பாதியாக அறுத்து உதிரிப்பாகம் என்ற பெயரில் இறக்கி, இங்கே ஒட்டி, அழிந்துபோன வேறொரு வண்டியின் இலக்கத்தைச் சூட்டும் கைவேலை நம் நாட்டில் நடந்திருக்கிறது. சுங்கமோ பொலிசோ அத்தகைய வண்டியைக் கைப்பற்றும்போது, “நான் நம்பி வாங்கினேன்” என்ற சொல்லால் மட்டும் அது திரும்பிவிடும் என்று எண்ணலாகாது. கொடுத்த பணத்துக்கு விற்றவனைத் தேடவேண்டும். அவனோ அதற்குள் தொலைபேசி இலக்கத்தை மாற்றியிருப்பான்.

எங்கள் சிவப்புக் காரின் இலக்கங்கள் பொருந்தின. ஆனால் சான்றிதழில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருந்தது. “கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது, பெயர் நீக்கவேண்டியதுதான் மிச்சம்” என்றார் விற்பவர். தீர்ந்ததற்கான கடிதம் எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறதாம். உரிமையாளராகப் பதிவு பெற்றிருந்தவரும் இவரல்லர். மூன்றாம் ஆள் ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுத்த வெற்றுப் படிவம் இவரிடம் இருந்தது. ‘ஓப்பின் பேப்பர்’ என்று நம்மவர் வழங்குவது இதனையே. உரிமை கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றிருக்க, வெற்றுப் படிவத்தோடு வண்டி ஆண்டுக்கணக்காகக் கைமாறித் திரிகிறது. கையொப்பமிட்டவர் இறந்துபோனாலோ நாட்டைவிட்டுப் போனாலோ, கடைசியாக வைத்திருப்பவன் கதி என்ன? வண்டி அவன் வாசலில் நிற்கும், ஆனால் அவனுடையதாகாது.

ஆண்டு விஷயத்திலும் ஒரு சொல். விற்பவர் “2008 வண்டி” என்றார். 2008 இந்நாட்டில் பதிவான ஆண்டு. அவரிடமிருந்த ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றின் பிரதியில், முதற்பதிவு ஹெய்செய் 17 என்றிருந்தது. ஜப்பானியர் தம் பேரரசரின் ஆட்சி ஆண்டால் காலம் குறிப்பவர்கள். ஹெய்செய் ஆண்டோடு 1988ஐயும், இப்போதைய ரெய்வா ஆண்டோடு 2018ஐயும் கூட்டினால் நம் கணக்கு வரும். ஆகவே இது 2005ஆம் ஆண்டுக் கார். இந்தச் சிறு கூட்டலை மருமகனே மணலில் விரலால் எழுதிப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகத்தில் முதன்முறையாக ஒரு யோசனை தோன்றியது. மஸ்டா இம்மாதிரியைச் செய்யத் தொடங்கியது 2003இல், நிறுத்தியது 2012இல். இன்றைய இறக்குமதி விதி இவ்வளவு வயதுடைய காரை உள்ளே விடாது. ஆதலால் எவரேனும் ஆர்.எக்ஸ்.-8 ஒன்றைக் காட்டி “இப்போதுதான் கப்பலில் இறங்கியது” என்றால், பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

ஏலத் தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜப்பானிய ஏலச் சந்தையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பரிசோதகர் படம் வரைந்து குறியிடுவார். கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, துருவுக்கு எஸ், அரிப்புக்கு சி, தட்டித் திருத்திய இடத்துக்கு டபிள்யூ, மாற்றிய பாகத்துக்கு எக்ஸ்.எக்ஸ். என்பன அக்குறிகள். பொதுத் தரம் 4, 4.5 என எண்ணில் இருக்கும். ஆர் என்ற எழுத்து இருப்பின் விபத்திற் சிக்கித் திருத்தப்பட்ட வண்டி என்க. அருமையான சாட்சி, ஆனால் பிரதியைத் திருத்துவது எளிது. அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு மூலத்தாளைத் தேடித் தரும் சேவைகள் உண்டு. பழைய வண்டிகளுக்கு அத்தாள் எப்போதும் அகப்படுவதில்லை. எங்களுக்கும் அகப்படவில்லை.

இனி இரும்புக்கு வருவோம். மன்னார்த் தீவில் வாழ்பவனுக்கு இதுவே பெரிய அதிகாரம்.

நம் தீவுக்குள் நுழையும் பாலத்தில் இருபுறமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் தலைமன்னாரிலோ தாழ்வுபாட்டிலோ ஒரு கண்ணாடியை வெளியே வைத்தால், மாலையில் அதன்மேல் உப்புப் படிந்திருக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையில் நனைந்த வண்டி வெயிலில் காய்ந்துவிடும். உப்பில் நனைந்த வண்டி காய்வதே இல்லை. வெளித்தகடு பளபளவென்றிருக்க, கதவின் கீழ்ப்படிக்குள்ளும், சக்கர வளைவின் மடிப்பிலும், பிறேக் குழாயின் வளைவிலும், மின்கம்பி இணைப்புகளின் பச்சைக் களிம்பிலும் அழிவு மெல்ல மெல்ல நடைபெறும். இயந்திரம் கெட்டால் வேறொன்று பொருத்தலாம். உடல் உக்கிப்போன வண்டிக்கு மருந்தில்லை. ஆகையால் நம் கரையில் வண்டி வாங்குகிறவன் முன்பக்கத்தைப் பார்ப்பதைவிடக் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். பாய் கொண்டுபோனது அதற்குத்தான்.

இந்த உப்பு மன்னாரில்தான் பிடிக்கவேண்டும் என்பதுமில்லை. ஜப்பானின் வடபால் பனி பெய்யும் மாகாணங்களில் வீதிப் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். அங்கே பல குளிர்காலம் ஓடிய கார் தன் துருவைக் கப்பலிலேயே கொண்டுவந்துவிடும்.

பாயை விரித்துக் கீழே படுத்தேன். அடித்தகடு முழுவதும் கரிய மெழுகுப் பூச்சு, அன்று பூசியதுபோல் மணத்தது. இருபது வயதுக் காருக்கு அடியில் மட்டும் புத்தாடை ஏன்? திருகாணித் தலையால் மெல்லத் தட்டினேன். நல்ல தகடு கணீரென்னும். உக்கிய தகடு மட்டையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். இடது கீழ்ப்படி மட்டைபோல் ஒலித்தது.

பிறகு காந்தத்தை மருமகனிடம் கொடுத்தேன். முன்மூடியில் வைத்தான்; ஒட்டவில்லை. பின்கதவில் வைத்தான், ஒட்டவில்லை. “மாமா, எல்லாம் பசை!” என்று கூவிவிட்டான். விற்பவர் திடுக்கிட்டார். நியாயத்தைச் சொல்லவேண்டுமன்றோ? இந்த மாதிரியில் முன்மூடியும் பின்கதவுகளும் அலுமினியத்தால் ஆனவை. காந்தம் ஒட்டாதது இயல்பே. முன்கதவில் ஒட்டியது, கூரையில் ஒட்டியது. ஆனால் பின்சக்கரத்தின் மேல்வளைவு இரும்பு. அங்கே ஒட்டவேண்டிய காந்தம் வழுக்கி விழுந்தது. துரு தின்ற இடத்தைப் பசையால் நிரப்பிச் சாயம் பூசியிருந்தார்கள். வலப்பக்கத்திலும் அப்படியே.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்பதையும் பார்த்தோம். 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொழும்பின் புறநகர்களில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் பல பாகங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அதில் நனைந்தவையும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரும். இருக்கைப் பட்டியை முடிவுவரை இழுத்துப் பார்த்தால், உட்சுருளில் சேற்றுக்கோடு தெரியும். எவரும் அதனைக் கழுவ நினைப்பதில்லை. எங்கள் காரில் பட்டி சுத்தமாக இருந்தது. இக்காரின் நன்மைகளையும் சொல்லவேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

மீற்றர் 68,000 கிலோமீற்றர் காட்டியது. பிறேக் மிதியின் இறப்பர் ஒருபக்கம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. எதை நம்புவது என்று நேயர்களே தீர்மானிக்கலாம்.

இறுதியாக இயந்திரம். இதுவே இக்காரின் புகழும் சாபமும். மற்றக் கார்களில் உள்ளதுபோல் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இதில் இல்லை. ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கல் கண்ட முறைப்படி, முக்கோண வடிவுடைய இரண்டு சுழலிகள் முட்டைவடிவ அறைகளுக்குள் சுழல்கின்றன. உலகின் பல நிறுவனங்கள் முயன்று கைவிட்ட இம்முறையை விடாப்பிடியாக வளர்த்தது மஸ்டா; 1967இல் கொஸ்மோ காரில் பொருத்தியது; 1991இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் இவ்வியந்திரத்தாலேயே முதலிடம் பெற்றது. ஆர்.எக்ஸ்.-8இன் கொள்ளளவு 1,308 கன சென்ரிமீற்றர் மட்டுமே. ஆயினும் அதன் ஓட்டம் ஒரு பாட்டுப்போல் இருக்கும். ஓட்டியவன் மறக்கமாட்டான், நானும் மறக்கவில்லை.

ஆனால் சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய அடைப்புக்கட்டைகள் தேய்ந்தால், அமுக்கம் குறைந்து இயந்திரம் சோர்ந்துவிடும். அவை தேயாதிருக்கவென்றே இயந்திரம் தன் ஒயிலைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டு எரிக்கிறது. இது குறையன்று, அமைப்பு. எனவே ஒயில் அளவை அடிக்கடி பார்த்து நிரப்பாத சொந்தக்காரன் கையில் இக்கார் நெடுநாள் வாழாது. குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி, முற்றத்தில் பத்தடி நகர்த்திவிட்டு நிறுத்தினாலும் அதற்கு ஆகாது. பெற்றோல் நிறைந்து மறுமுறை எழும்ப மறுக்கும். சந்தைக்கும் வீட்டுக்கும் ஓடும் மன்னார்ப் பட்டினத்து ஓட்டம் இதற்கு ஏற்றதா என்று யோசிக்கவேண்டும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாம் நின்ற நாட்களை மறந்தவருக்கு, இது பெற்றோலும் நிறையக் குடிக்கும் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

அமுக்கத்தை அளக்கச் சாதாரண அளவுகருவி போதாது. ஒரு சுழலிக்கு மூன்று முகங்கள். மூன்றுக்கும் தனித்தனி அளவு வேண்டும். சாதாரணக் கருவியோ மூன்றில் நல்லதை மட்டும் காட்டி நம்மை ஏமாற்றும். சுழலி இயந்திரத்துக்கான கருவியை மன்னாரிலுள்ள எந்தக் கராஜிலும் நான் கண்டதில்லை. கொழும்புக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போகவேண்டும். கருவியின்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. இயந்திரத்தை நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்கவேண்டும். அமுக்கம் நல்லதாயின் உடனே எழும்பும். தளர்ந்ததாயின் இழுத்திழுத்துச் சுற்றும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே முன்மூடி சுட்டது. விற்பவர் முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்திருந்தார். மற்றக் கார்களில் இது குளிர்நிலைக் குறைகளை மறைக்கும் தந்திரம். இக்காருக்கோ அது நேர்மாறாயிற்று. சிறிது தூரம் ஓட்டிவந்து நிறுத்தினேன். அவர் தேநீர் கொடுத்தார், குடித்தோம். பத்து நிமிடம் கழிந்தது. “இப்போது இயக்கு” என்றேன். மருமகன் திறவுகோலைத் திருப்பினான். சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றரி பழையது என்றார் அவர். பற்றரியின் மேல் ஒட்டியிருந்த விற்பனைச் சீட்டில் சென்ற மாதத் தேதி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை; அவனும் பார்த்துவிட்டான்.

விலையை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக அவர் சொன்னார். இங்கேதான் பலர் விழுகிறார்கள். குறைத்த பணத்தில் திருத்திக்கொள்ளலாம் என்ற கணக்குத் தாளில் அழகாக இருக்கும். இயந்திரத்தை அவிழ்த்துக் கட்டுவோர் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவர். உதிரிப்பாகம் ஜப்பானிலிருந்து வரவேண்டும். கீழ்ப்படியை வெட்டி ஒட்டுவது தனிச்செலவு. அத்தனையும் செய்து முடித்தாலும் நிதி நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் அப்படியே இருக்கும். மருமகன் என்னைப் பார்த்தான். முடிவை நான் சொல்லக்கூடாதென்று கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். “கடன் தீர்ந்த கடிதத்தையும், பெயர்ப் பதிவு உள்ளவரையும் கொண்டுவாருங்கள், ஐயா. பிறகு பேசுவோம்” என்று சொல்லி அவனே முதலில் படலைக்கு நடந்தான்.

திரும்பும் வழியில் அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாலத்தைக் கடந்து பட்டினத்துள் நுழையும்போது, வழக்கம்போல் நடுவீதியில் நான்கு கழுதைகள் நின்றன. வண்டியை நிறுத்தி அவை விலகும்வரை காத்திருந்தான். “இதுகளில் ஒன்று அந்தக் காரை உதைத்திருந்தால், மாமா?” என்றான். “முன்மூடியில் உதைத்தால் அலுமினியம் நெளியும், பின்வளைவில் உதைத்தால் பசை உதிரும்” என்றேன். அன்று அவன் சிரித்தது அப்போதுதான்.

அந்த மனிதரிடமிருந்து கடிதம் வரவில்லை. மூன்று வாரம் கழிந்து, அந்தக் கார் வேறொருவருக்கு விற்றுப்போயிற்று என்று கேள்விப்பட்டோம். மருமகன் பாதிக்கும் குறைந்த விலையில் ஒரு சிறிய சுசுகி கார் வாங்கி, தாயாரை மடுத் திருவிழாவுக்கும் வயலுக்கும் ஏற்றிச் செல்கிறான். ஆசை விட்டுப்போயிற்று என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஞாயிறு இரவு தொலைபேசியில் அழைத்தான். குருநாகலில் வெள்ளை நிறத்தில் ஒன்று நிற்கிறதாம், ஒரே சொந்தக்காரராம், ஏலத் தாளின் மூலம் இருக்கிறதாம். சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறானாம். “நாங்கள் வருமுன் இயந்திரத்தை இயக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன் மாமா, முதலில் குளிரில் பார்ப்போம், பிறகு சூட்டில்” என்றான். பாயை வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை புகைவண்டியில் புறப்படுகிறோம்.